தொட்டிலில் எழுதிய விடை

“நீ என்னவாகப் போகிறாய்?” பள்ளிப் பிள்ளையைக் கண்டதும் பெரியவர்கள் விளையாட்டாகக் கேட்கும் கேள்வி இது. கேட்பவருக்கு இது விளையாட்டு. ஆனால் இந்த நாட்டிலே நெடுங்காலம் எல்லோரையும் பார்த்துக் கேட்கப்படாத கேள்வி! குயவர் மகனை எவரும் இப்படிக் கேட்டதில்லை. துணி வெளுப்பவர் மகளையும் கேட்டதில்லை. கேட்பானேன்? அவர்களுக்குரிய விடைதான் தொட்டிலிலேயே எழுதப்பட்டுவிட்டதே! எழுதியது மனு, படித்துக் காட்டியது புரோகிதம், தலையாட்டியது ஊர். குலத்தொழிலைக் கற்காமலே பிள்ளை அறிந்துகொள்ளும் என்று பழமொழி வேறு சொல்லி, அடிமைத்தனத்துக்கு அறிவின் முலாம் பூசினர்.

1953-ஆம் ஆண்டை எண்ணிப் பார்ப்போம். அந்த ஓராண்டிலே, கல்வி குறித்து இரண்டு ஏடுகள் நம்முன் வைக்கப்பட்டன. ஒன்று, சென்னை மாநில முதலமைச்சராயிருந்த இராசகோபாலாச்சாரியார் கொண்டுவந்த தொடக்கக் கல்வித் திட்டம். அரை நாள் பள்ளி. மீதி அரை நாள் பெற்றோர் செய்யும் தொழிலைப் பழக வேண்டும் என்றது அது. மற்றொன்று, டாக்டர் இலட்சுமணசாமி முதலியார் தலைமையில் அமைந்த இடைநிலைக் கல்விக் குழுவின் அறிக்கை. மாணவனுடைய நாட்டத்தையும் திறனையும் ஆராய்ந்து, அவனுக்கு ஏற்ற வழியைத் தேர்ந்துகொள்ளத் துணைபுரிய, பயிற்சி பெற்ற வழிகாட்டிகள் பள்ளிகளுக்கு வேண்டும் என்றது இது.

முதல் ஏடு, ‘உன் தகப்பன் யார்?’ என்று கேட்டது. இரண்டாம் ஏடு, ‘உன் விருப்பம் என்ன?’ என்று கேட்டது. ஒரே ஆண்டு, ஒரே நாடு, இடையிலோ ஈராயிரம் ஆண்டு இடைவெளி!

முதல் ஏட்டுக்கு நேர்ந்த கதியை நாடறியும். பெரியார் போர்முரசு கொட்டினார், தி.மு.கழகம் மும்முனைப் போராட்டத்தின் ஒரு முனையாக அதை எதிர்த்தது. 1954-இலே காமராசர் முதலமைச்சரானதும் குலக்கல்வித் திட்டம் கைவிடப்பட்டது. இரண்டாம் ஏடு என்னவாயிற்று? அதை எவரும் எதிர்க்கவில்லை, எரிக்கவில்லை. பாராட்டினார்கள், பத்திரமாக அலமாரியில் வைத்துப் பூட்டினார்கள். தீய ஏட்டை மக்கள் கிழித்தெறிந்தனர். நல்ல ஏட்டைக் கரையான் படித்தது! தகப்பன் தொழிலைத் திணிக்காதே என்று தடுத்தது பாதி வெற்றி. தன் தொழிலைத் தானே தேர்ந்தெடுக்கும் ஆற்றலைப் பிள்ளைக்குத் தருவதே மறு பாதி. அந்த மறு பாதியைப் பற்றியதே நம் திறனாய்வு.

பழைய ஏடு முற்றிலும் மாண்டுவிட்டது என்றும் நம்பிவிட வேண்டா. 2023-இலே ஒன்றிய அரசு ‘விசுவகர்மா’ திட்டத்தைக் கொண்டுவந்தது. குடும்பவழித் தொழில் செய்வோருக்குக் கடனும் கருவியும் உண்டு. அகவை 18 நிரம்பியிருந்தால் போதும் என்றது. பதினெட்டு, கல்லூரி வாயிலில் நிற்க வேண்டிய அகவை அல்லவா? அந்த அகவையிலே உளியையும் சுத்தியையும் காட்டி, ‘வா, உன் வீட்டுத் தொழிலுக்கு!’ என்பது உதவியா, ஊழ்வினையா? குடும்பவழி என்னும் நிபந்தனையை நீக்குக, அகவையை 35 ஆக்குக என்று தமிழ்நாடு கேட்டது. ஏற்கப்படவில்லை என்றதும், அதைச் செயல்படுத்த மறுத்து, குலம் கேளாத கைவினைத் திட்டம் ஒன்றைத் தானே வகுத்தது. கைத்தொழிலை நாம் இகழவில்லை, கைவிலங்கைத்தான் மறுக்கிறோம்.

வழிகாட்டுதல் என்றால் என்ன? 1908-இலே அமெரிக்க நாட்டுப் பாஸ்டன் நகரில், பிராங்க் பார்சன்ஸ் என்பவர் இதற்கென ஒரு நிலையத்தைத் தொடங்கினார். அவர் சொன்னவை மூன்று. உன்னை அறிக, தொழிலுலகை அறிக, இரண்டையும் ஆராய்ந்து பொருத்துக. இதிலே நாள் உண்டா? கோள் உண்டா? நம் வீடுகளிலோ, மதிப்பெண் பட்டியல் வருமுன்னே சாதகக் கட்டு அவிழ்கிறது. பத்தாமிடத்தில் எந்தக் கிரகம் என்று பார்த்துப் பிள்ளையின் படிப்பை முடிவு செய்கிறார் சோதிடர். அந்தப் பிள்ளைக்குக் கணக்கு இனிக்குமா, கசக்குமா என்று அவர் கேட்பதில்லை. கேட்டால் கட்டணம் குறைந்துவிடும் போலும்! பிறந்த குலம் கூடாது என்று விரட்டினோம். பிறந்த நேரம் என்னும் பெயரில் அதே பிறப்பு கொல்லைப்புறமாக நுழைகிறது.

இனி, தருமபுரிக்கு வருவோம். அதியமான் ஆண்ட தகடூர் அது. 1965-இலே சேலத்தினின்று பிரிந்து தனி மாவட்டமாயிற்று. 2011-ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே தமிழ்நாட்டில் எழுத்தறிவு கடைசியாக நின்ற மாவட்டமும் இதுவே. மாநிலத்தில் நூற்றுக்கு 80 பேர் எழுத்தறிந்திருக்க, இங்கே 69-ஐயும் எட்டவில்லை. பெண்களில் 60-ஐயும் எட்டவில்லை. கல்லூரிகள் இல்லாமலில்லை. அரசு கலைக் கல்லூரி உண்டு. 2008 முதல் அரசு மருத்துவக் கல்லூரி உண்டு. செட்டிக்கரையிலே அரசு பொறியியல் கல்லூரி உண்டு. கதவுகள் திறந்தே இருக்கின்றன. ஆனால், கதவு இருக்கும் திசை தெரிய வேண்டாமா?

சித்தேரி மலையிலோ வத்தல்மலையிலோ பிறந்த ஒரு பிள்ளை, தன் கண்ணால் காணும் உத்தியோகங்கள் எத்தனை? ஆசிரியர், செவிலியர், காவலர், வனக்காவலர், பேருந்து நடத்துநர். விரல்விட்டு எண்ணி முடிப்பதற்குள் பட்டியல் தீர்ந்துவிடும். தகப்பன் பெங்களூருக்கோ திருப்பூருக்கோ கூலி வேலைக்குப் போயிருந்தால், அந்த வண்டியும் அந்த வழியும் தெரியும். காணாத ஒன்றைக் கனவு காண்பது எங்ஙனம்? ‘அவனுக்கு இலட்சியமில்லை’ என்று குறை கூறும் பெரியவர்களே, இலட்சியம் வானத்திலிருந்து விழுவதன்று. கண்ணால் கண்டும் காதால் கேட்டும் வளர்வது!

தருமபுரியின் பட்டுக்கூடு அங்காடி பேர் பெற்றது. அங்கே கூடு விற்க வரும் தாயின் மகள், பட்டுப்புழு வளர்ப்பிலே பட்டப்படிப்பு இருப்பதை அறிவாளா? தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் மேட்டுப்பாளையத்திலே அதை நடத்துகிறதே! தாய் செய்வதையே மகளும் செய்க என்பதன்று நம் வாதம். அதைப் பட்டமாகவும் படிக்கலாம். வேண்டாமென்றால் வானூர்தியோ வழக்கறிவோ படிக்கலாம். இரண்டும் தெரிந்து ஒன்றைத் தள்ளுவதுதான் தேர்வு. ஒன்றுமே தெரியாமல் கிடைத்ததைப் பற்றிக்கொள்வது தேர்வன்று; விபத்து.

இந்த இருளை அறிந்தே, 2022-இலே ‘நான் முதல்வன்’ திட்டம் தமிழ்நாட்டில் தொடங்கப்பட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்தோர்க்குக் ‘கல்லூரிக் கனவு’ நிகழ்ச்சிகளும் நடத்தப்பட்டன. அதே ஆண்டு, மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் பெயரால் வழங்கிவந்த திருமண உதவி, உயர்கல்வி உதவியாக மாற்றப்பட்டு, அரசுப் பள்ளியில் பயின்று கல்லூரி சேர்ந்த பெண்களுக்குத் திங்கள்தோறும் 1000 ரூபாய் என்றாயிற்று. பொட்டுக்கட்டு என்னும் கொடிய குலத்தொழிலை எதிர்த்து வாழ்நாளெல்லாம் போராடியவர் அந்த அம்மையார். தாலிக்குத் தந்த பணம் படிப்புக்குத் திரும்பியபோதுதான் அவர் பெயருக்குரிய முழுப் பொருளும் விளங்கிற்று. குழந்தைத் திருமணம் இன்னும் ஒழியாத தருமபுரியிலே, இம்மாற்றத்தின் மதிப்பைச் சொல்லவும் வேண்டுமோ!

பாராட்டுகிறோம். பாராட்டுவதனாலேயே குறையும் சொல்கிறோம்; துதி பாடுவது நம் தொழிலன்று.

முதற்குறை, காலம். பிள்ளையின் பாதை பிரிவது பன்னிரண்டாம் வகுப்பின் முடிவிலன்று. பத்தாம் வகுப்பின் முடிவில். பதினோராம் வகுப்பில் எந்தப் பிரிவு என்பதிலே எதிர்காலத்தின் பெரும்பகுதி அடங்கிவிடுகிறது. கணிதத்தைக் கைவிட்ட பிள்ளைக்குப் பொறியியல் வழி பெரும்பாலும் அடைபடுகிறது. உயிரியலைக் கைவிட்ட பிள்ளைக்கு மருத்துவ வழி குறுகுகிறது. அந்தப் பிரிவை முடிவு செய்வது யார்? தோழன் எடுத்ததை இவன் எடுக்கிறான். பக்கத்துப் பள்ளியில் உள்ளதை இவள் எடுக்கிறாள். ஈராண்டு கழித்து அரங்கத்திலே ஒலிபெருக்கி வைத்து, ‘கனவு காண்!’ என்றால், வண்டி போன பிறகு வழிச்சீட்டு கொடுத்த கதை அல்லவா?

இரண்டாம் குறை, ஆள். வழிகாட்டும் பொறுப்பு, பாடம் நடத்தி, விடைத்தாள் திருத்தி, பதிவேடு நிரப்பிக் களைத்த ஆசிரியர் தலைமீதே கூடுதல் சுமையாக ஏற்றப்படுகிறது. முதலியார் குழு கேட்டது பயிற்சி பெற்ற வழிகாட்டியை. நாம் தருவது ஓய்வற்ற ஆசிரியரின் ஓய்வு நேரத்தை. பின்லாந்து நாட்டிலே 7 முதல் 9 வரையுள்ள வகுப்புகளுக்கு வழிகாட்டுதல் ஒரு பாடம். 76 மணி நேரம் அதற்கென ஒதுக்கப்பட்டுள்ளது. பணியிடங்களுக்குச் சென்று சில நாள் இருந்து பார்க்கவும் மாணவருக்கு வாய்ப்புண்டு. ஒரு நாள் விழாவால் ஆகாதது ஒரு பாடவேளையால் ஆகும்.

மூன்றாம் குறை, மனம். மருத்துவர், பொறியாளர் என்னும் இரண்டே நாற்காலிகளைப் போட்டுவிட்டு, நின்றவர்களையெல்லாம் தோற்றவர்கள் என்கிறோம். இது சமூகம் செய்யும் குறை. நால்வருணத்தை எதிர்த்த நாம், மதிப்பெண்ணால் ஒரு புதுவருணம் படைக்கலாமா?

ஆகவே, எட்டாம் வகுப்பிலேயே தொடங்குக. வாரம் ஒரு பாடவேளை ஒதுக்குக. மலையூர்ப் பள்ளிகளுக்கு முதலிடம் தருக. பெற்றோரையும் உடன் அமர்த்துக என்று ஆட்சியாளரைக் கேட்கிறோம். கேட்டுவிட்டுக் கைகட்டி நிற்கப் போகிறோமா? தோழர்களே, படிப்பகம் நம் கையில் இருக்கிறது. உங்கள் ஊரில் முதன்முதலாகக் கல்லூரி கண்ட செவிலியரை, கணக்காயரை, மின்பணியாளரை அழையுங்கள். பத்துப் பிள்ளைகள் முன் அமர்த்துங்கள். மேடை வேண்டா, மாலை வேண்டா. எப்படிப் படித்தார், எவ்வளவு செலவாயிற்று, எங்கே தடுக்கி விழுந்தார் என்று அவர் சொல்லட்டும். பிள்ளைகள் கேள்வி கேட்கட்டும்.

தகடூர் அதியமான், அரிதிற் கிடைத்த நெல்லிக்கனியைத் தான் உண்ணாது அவ்வைக்கு ஈந்தான் என்பர். நாம் உண்ட கல்விக்கனி எந்தக் காட்டில், எந்த மரத்தில், எந்தக் கிளையில் காய்த்தது என்பதையேனும் அந்த மண்ணின் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டாமா? சொன்னால் போதும். மரமேறும் வலிமை அவர்கள் காலுக்கு உண்டு.