தொட்டி மாற்றும் கை

தொட்டி சிறுத்துப்போனதைச் செடியே சொல்லிவிடும். ஊற்றிய தண்ணீர் நிற்காமல் அடித்துளை வழியே ஓடும். அதே துளையில் வேர் எட்டிப் பார்க்கும். ஸ்நேக் பிளான்ட் என்றால் பிடிவாதம் இன்னும் அதிகம், பிளாஸ்டிக் தொட்டியின் வயிற்றையே பிதுக்கிவிடும்.

பழகிய கை அவசரப்படாது. முதல் நாளே லேசாகத் தண்ணீர் தெளித்து மண்ணை இளக்கி வைக்கும். மறுநாள் இலைகளின் அடியை விரலிடுக்கில் பிடித்து, தொட்டியைக் கவிழ்த்து, விளிம்பைத் திண்ணையில் தட்டும். ‘தொப்’பென்று மண்கட்டியோடு கழன்று வருகிற அந்த நொடிக்காகவே இந்த வேலையைச் செய்யலாம். தொட்டியின் அச்சு மாறாமல் சுற்றிச் சுற்றிப் பின்னிய வேர். ஸ்நேக் பிளான்ட் என்றால் நடுவே ஆரஞ்சு நிறத்தில் தடித்த கிழங்கு. மழை விழுந்த முற்றத்தின் வாசனை. பின்னலை விரல் நுனியால் மெல்லப் பிரித்து, அழுகியதை மட்டும் கிள்ளி எறிய வேண்டும். புதுத் தொட்டி இரண்டு விரற்கடை அகலம் கூடினால் போதும். ரொம்பப் பெரிதானால் ஈரம் தேங்கி வேர் கெடும். துளைமேல் ஓட்டுச்சில்லு, அதன்மேல் செம்மண், மணல், கொஞ்சம் தேங்காய் நார்க்கழிவு. ஓரங்களில் மண் சரசரவென்று இறங்குவதைக் கேட்டுக்கொண்டே தட்டித் தட்டி நிரப்ப வேண்டும். அமுக்கித் திணிப்பவர்களுக்கு இந்தக் கைப்பக்குவம் வராது.

கோடை உச்சியில் மட்டும் செடியில் கை வைக்காதீர்கள். மாற்றியபின் ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். வேர் பிடிக்கும்வரை உரமும் வேண்டாம்.