பயண இலக்கியமும் மக்கள் வாழ்வும்

பயண நூல்கள் நம்மிடையே பெரும்பாலும் பொழுதுபோக்குக்காகவே படிக்கப்படுகின்றன. எழுதியவர் எங்கு நின்று பார்த்தார், யாரைக் கண்டார் என்னும் வினாக்களை நாம் அவற்றிடம் எழுப்புவதில்லை. அயர்லாந்து எழுத்தாளர் டேர்வ்லா மேர்பி 1965 இல் வெளியிட்ட ‘புல் ரில்ற்’ அவ்வினாக்களைத் தாங்கவல்ல நூலாகும்.

1931 இல் லிஸ்மோர் என்னும் சிற்றூரிற் பிறந்த மேர்பிக்குப் பத்தாவது பிறந்தநாளில் ஒரு துவிச்சக்கரவண்டியும் ஒரு தேசப்படப் புத்தகமும் கிடைத்தன. இந்தியாவரை மிதித்துச் செல்வதென அப்பொழுதே அவர் முடிவு செய்தார். ஆனால் பதினான்கு வயதிலே பள்ளியை விட்டு, நோயுற்ற தாயைப் பராமரிக்க நேர்ந்தது. பெற்றோர் இருவரும் மறைந்த பின்னரே, 1963 ஜனவரியில், டன்கேர்க்கிலிருந்து தனியே புறப்பட்டார். யூகோசிலாவியா, துருக்கி, ஈரான், ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகிய நாடுகளைக் கடந்து ஜூலையில் டில்லியை அடைந்தார்.

இந்நூலில் இயற்கை வெறும் அலங்காரமாக நிற்கவில்லை. ஐரோப்பாவின் கொடிய குளிர்காலம் ஒன்றில் தொடங்கும் பயணம், பாபுசார் கணவாயின் உறைபனியையும் சிந்து நதிப் பள்ளத்தாக்கின் வெப்பத்தையும் ஊடறுத்துச் செல்கின்றது. காரிற் செல்பவனுக்குக் காட்சியாகத் தோன்றும் மலை, மிதிப்பவருக்கு உழைப்பாகின்றது. களைத்தவர் உண்ணவும் உறங்கவும் வழியோரத்துத் தேநீர்க்கடையையும் கிராமத்தவன் குடிசையையும் நாடவேண்டியிருக்கின்றது. ஆகவேதான் ஆளவந்த வெள்ளையரின் பயணக் குறிப்புகளிற் காணப்படும் அகந்தை இங்கே பெரிதும் இல்லை. பெற்ற விருந்தோம்பலுக்கு நன்றியுள்ள ஒருவரின் குரலையே கேட்கின்றோம். இதுவே நூலின் பெருஞ்சிறப்பு.

எனினும் ஒரு குறையைச் சுட்டாமல் விடுவதற்கில்லை. ஆப்கானிஸ்தானை மேர்பி ஆராக் காதலுடன் வரைகின்றார். இயந்திர நாகரிகம் அந்நாட்டைத் தீண்டிவிடுமோ என அஞ்சுகின்றார். ஆனால், அவர் போற்றும் எளிமைக்கு யார் விலை கொடுக்கின்றனர்? மருத்துவமும் கல்வியும் எட்டாத உழவன் தன் வறுமையைத் தானே தேர்ந்துகொண்டவனல்லன். பயணிக்கு அங்கிருந்து புறப்பட ஒரு நாள் உண்டு, உழவனுக்கு இல்லை. இளமையை வீட்டுக்குள்ளே கழிக்க நேர்ந்த ஒருவர், வெளியேற வழியற்றவரைப் பற்றி இன்னும் ஆழமாக எழுதியிருக்கலாம். அன்றே இரு வல்லரசுகளும் அந்நாட்டில் வீதிகளைப் போட்டிபோட்டு அமைத்துக்கொண்டிருந்தன. 1979 இல் சோவியத் படைகள் புகுந்தன. பல தசாப்தங்கள் போர் நீடித்தது. மேர்பி அஞ்சியது இயந்திரத்துக்கு. அழிவைக் கொணர்ந்ததோ ஆதிக்கம்.

துவிச்சக்கரவண்டி நமக்கும் அந்நியமன்று. 1990களில் பொருளாதாரத் தடையால் எரிபொருளுக்கு அல்லற்பட்ட யாழ்ப்பாணத்தில் விறகையும் நோயாளியையும் சுமந்து சென்றது அதுவே. விரும்பி மிதிப்பதற்கும் வேறு வழியின்றி மிதிப்பதற்கும் இடையேயுள்ள தூரத்தை நாம் அறிவோம்.

மேர்பி 2022 இல் மறைந்தார். அவருடைய துணிவையும் மனிதநேயத்தையும் நாம் ஏற்கவேண்டும்; வறுமையை அழகாகக் காணும் கண்ணை ஏற்கவேண்டியதில்லை. நம் இளம் எழுத்தாளர் பயணம் செய்யட்டும். வன்னியின் வயல்களையும் மலையகத்து லயன்களையும் நேரிற் கண்டு எழுதட்டும். ஆனால் விடைபெறுமுன், அங்கேயே தங்கிவிடுபவனின் வாழ்வைக் கேட்டறிந்து எழுதட்டும்.