மறைந்த நாளும் மணிமாலையும்

பொம்மனஹள்ளியின் ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளிலிருந்து அந்திப் பொழுதில் ஓசூர் சாலையை நிறைத்துக்கொண்டு வெளிவரும் பெண்களைக் காணும்போதெல்லாம், இங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் தொலைவிலுள்ள இராமநகரத்தில் 1952-ஆம் ஆண்டில் பெண்களிடையே நடந்த ஒரு கருத்தடைப் பரிசோதனை என் நினைவுக்கு வருகிறது. செயற்கைச் சாதனங்களை விரும்பாத காந்தீயரான சுகாதார மந்திரி ராஜ்குமாரி அம்ருத் கௌரின் காலத்தில், உலக சுகாதார நிறுவனத்தின் சார்பில் வந்த அமெரிக்க வைத்தியர் ஆப்ரஹாம் ஸ்டோன், பச்சை மணி பயமற்ற நாளென்றும் சிவப்பு மணி கர்ப்பம் தரிக்கும் நாளென்றும் உணர்த்தும் மாலையொன்றை வகுத்தார்.

மனித ஸ்திரீயின் கருமுட்டை வெளிப்படும் நாளை உடல் ஊரறியச் சொல்வதில்லை என்பதாலேயே மணி தேவைப்பட்டது. வால்பாறைச் சோலைமந்திப் பெண்ணுக்கு வாலடி வீங்கி அறிவிக்கும். பெங்களூர்க் கூரைகளில் தாவும் நாட்டுக் குரங்கில் அவ்வீக்கமில்லை, கடுவன் வாடையை முகர்ந்தே அறிகிறது. இத்தகைய மறைவால் பெண்ணுக்கு என்ன பயன்? கருமுக மந்தியினத்தில், புதிதாய்க் கூட்டத்தைக் கைப்பற்றிய கடுவன் குட்டிகளைக் கொல்வதை 1960-களின் தொடக்கத்தில் தார்வாரில் ஆய்வாளர் யூகிமாரு சுகியாமா கண்டார். பின்னர் அபு மலையில் ஆராய்ந்த சாரா ஹர்டி, அவ்வினப் பெண்கள் கருவுற்ற பின்னும் ஆண்களை அழைப்பதைக் கண்டு, தந்தை இன்னாரென்று தெளியாதபடி செய்து குட்டியைக் காக்கும் உபாயம் அது என்றார். முடிந்த முடிபன்று எனினும், கருநாளின் மறைவைப் பெண்ணின் குறையென்று கொள்ளாமல் கவசமென்று கண்ட அவரது பார்வையை நான் பெரிதும் மதிக்கிறேன்.

மாலையின் தத்துவம் பொய்யன்று. கருமுட்டை வெளிப்படும் நாளோடு முடியும் ஆறு நாட்களிலேயே கர்ப்பம் கூடுகிறதென்று 1995-இல் ஆய்வாளர் வில்காக்ஸ் குழுவினர் நிறுவினர். மருந்தும் செலவுமின்றி, எழுத்தறியாதவளுக்கும் தன் உடலின் கணக்கைக் கையில் கொடுத்தது அதன் மெய்யான பெருமை. ஆனால் பாலூட்டும் தாய்க்கும், பட்டினியாலோ நோயாலோ மாதம் தவறியவளுக்கும் அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? அதனினும் பெரிய பிழை, சிவப்பு மணி வந்த இரவில் மறுக்கும் அதிகாரம் அவளுக்கு இருப்பதாகக் கொண்டதே. மறைவென்னும் கவசத்தை நீக்கிய மாலை, அதற்கு ஈடாக வேறொன்றையும் அவளுக்குத் தரவில்லை.

பிற்காலத்தில் ஜார்க்கண்டில் ‘மாலா சக்ரா’ என்று வழங்கிய 32 மணி மாலை, 26 முதல் 32 நாள் சுழற்சி உடையவர்க்கே தான் உரியது என்று ஒப்புக்கொண்டு, 8 முதல் 19 வரையுள்ள நாட்களை விலக்கச் சொன்னது. அப்படியும் வழக்கமான பயன்பாட்டில் ஓராண்டில் நூற்றுக்குப் பன்னிருவர் அளவில் கருவுறுகின்றனர். இன்று அதே கணக்கைக் கைப்பேசிச் செயலி சொல்கிறது. அதைப் பரிந்துரைக்கும் தாதியர், அந்தப் பெண்ணோடு அவள் கணவனையும் எதிரே அமர்த்திப் பேசவேண்டும் என்பது என் விண்ணப்பம்.