கிள்ளான் வரை இழுத்துக்கொண்டு போன சாம்பு

ரயில் நிலையப் பலகையில் ஸ்ரீ செத்தியா என்று எழுதியிருந்தாலும் எங்களுக்கு அது சுங்கை வேதான். கே.எல். சென்ட்ரலில் கொமுட்டர் ஏறி, நான் இறங்க வேண்டிய இடம் அது. அன்றைக்கு பிரிக்பீல்ட்ஸில் வாங்கிய புத்தகத்தைச் சும்மா ஒரு பக்கம் பார்க்கலாம் என்று பிரித்தேன். பந்தாய் டாலாம் தாண்டுவதற்குள் ஒருமுறை வாய்விட்டுச் சிரித்தாயிற்று. எதிரில் உட்கார்ந்திருந்தவர் காதில் மாட்டியிருந்ததைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். அடுத்து நான் தலை நிமிர்ந்தபோது ரயில் கிள்ளானில் நின்றுகொண்டிருந்தது. சுங்கை வே எப்போது வந்தது, எப்போது போனது, சத்தியமாகத் தெரியாது.

வந்தது வந்தாயிற்று என்று ஜாலான் தெங்கு கிளானாவில் ஒரு வாழையிலைக் கடையில் உட்கார்ந்தேன். வலது கையில் சோறு, இடது கையில் புத்தகம். பரிமாறிய அண்ணன் ரசம் வேண்டுமா என்று இரண்டு முறை கேட்டிருக்கிறார். மூன்றாவது முறை கேட்காமலே ஊற்றிவிட்டுப் போய்விட்டார்.

புத்தகம், தேவன் எழுதிய ‘துப்பறியும் சாம்பு’.

தமிழ் படிக்கிறவர்களுக்குச் சாம்புவை அறிமுகப்படுத்துவதா என்று சிலர் கோபிப்பார்கள். கோபிக்கட்டும். என் தெருவில் கேட்டுப் பார்த்தேன். பெயர் தெரிந்தவர்கள் நாலு பேர், படித்தவர் யாருமில்லை. ஆகவே சொல்லியே தீருவேன். சாம்பு ஒரு பாங்கு குமாஸ்தா. ஊரறிந்த அசடு. வேலை போகிறது. எதையோ உளறுகிறான், எங்கேயோ தடுக்கி விழுகிறான். அந்த விழுதலில் ஒரு திருடன் அகப்படுகிறான். இன்ஸ்பெக்டர் கோபாலன் அதை மேதையின் வேலை என்று முடிவு கட்டிவிடுகிறார். அப்புறம் சாம்பு வாயை மூடிக்கொண்டிருந்தால் ஆழ்ந்த யோசனை, வாயைத் திறந்தால் துப்பு. புகழ் ஏற ஏற, அவன் பெயரைக் கேட்டே குற்றவாளிகள் பதறித் தாங்களே மாட்டிக்கொள்கிறார்கள். போகப் போக வேம்பு என்று ஒரு மனைவி, சுந்து என்று ஒரு பிள்ளை, குடும்பமும் வந்து சேர்கிறது.

இதில் என்ன அதிசயம் என்றால், மற்ற துப்பறியும் கதைகளில் துப்பறிபவர் நம்மைவிடக் கெட்டிக்காரர். நாம் வாயைப் பிளந்துகொண்டு பின்னாலேயே ஓடுவோம். இங்கே நாம்தான் கெட்டிக்காரர்கள். சாம்பு அசடு என்பது நமக்குத் தெரியும், கதையில் இருக்கிற போலீசுக்குத் தெரியாது. அப்படியிருந்தும் திருடன் யார் என்று நமக்கும் தெரியாது! அசடன் நம்மை முந்திக்கொண்டு போய்க் கண்டுபிடித்துவிடுவான். இந்தத் தந்திரத்தை ஒரு கதையில் செய்யலாம், இரண்டில் செய்யலாம். தேவன் ஐம்பது கதைகளில் செய்தார். ஐம்பதிலும் கதை எப்படி முடியும் என்று தெரிந்தே படிக்கிறேன், ஐம்பதிலும் ஏமாறுகிறேன்.

இங்கிலீஷில் இந்த வகைக்குக் ‘கோஸி மிஸ்டரி’ என்று பெயர். மழை நாளில் போர்வைக்குள் சுருண்டு படிக்கிற குற்றக்கதை. ரத்தம் தெறிக்காது. பிணம் இருந்தாலும் மரியாதையாகத் திரைக்குப் பின்னால் கிடக்கும். கண்டுபிடிக்கிறவர் பெரும்பாலும் போலீஸ் இல்லை. பக்கத்து வீட்டுப் பாட்டி, சமையல்காரம்மா, இந்த மாதிரி. அகதா கிறிஸ்டியின் மிஸ் மார்ப்பிள் 1930இல் முதல் நாவலில் வந்தபோதே ஊர்வம்போடுதான் வந்தார். நான் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘தே தாரேக் கொலைக்கதை’. ஒரு குவளை ஆறுவதற்குள் ஒரு கதை. சாம்புவில் அது கச்சிதமாக நடக்கும், ஒவ்வொன்றும் தனிக்கதை என்பதால்.

சாம்பு ஆனந்த விகடனில் வரத் தொடங்கிய ஆண்டு 1942 என்று பார்த்ததும் கொஞ்சம் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மலேசியத் தமிழருக்கு அந்த எண்ணைச் சொன்னால் வேறு எதுவும் ஞாபகம் வராது. ஜனவரி முடிவதற்குள் மலாயா ஜப்பான்காரன் கையில். பிப்ரவரி 15இல் சிங்கப்பூரும் போயிற்று. பிற்பாடு தோட்டத்துத் தமிழர்களை சயாம் ரயில் பாதை போட லாரி லாரியாக ஏற்றினார்கள். அங்கே சென்னையிலும் குண்டு விழும் என்று பயந்து 1942 ஏப்ரலில் சனங்கள் மூட்டை கட்டிக்கொண்டு ஓடினார்கள். அப்படிப்பட்ட வருஷத்தில் திருவிடைமருதூர்க்காரர் ஒருவர், இருபத்தெட்டு இருபத்தொன்பது வயது, ஓர் அசட்டுத் துப்பறிவாளனை உட்கார்ந்து எழுதுகிறார். நம் தாத்தாமார்களுக்கு அப்போது அது கிடைத்திருக்க வழியில்லை. அவர்களுக்கும் சேர்த்துத்தான் நான் சிரிக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். தேவன் 1957இல் இறந்தபோது வயது நாற்பத்து மூன்று. அநியாயம்.

என் அக்கா சுங்கை வே தொழிற்பேட்டையில் மின்னணுத் தொழிற்சாலையில் இருபது வருஷத்துக்கு மேல் ஷிஃப்டு பார்த்தவர். “ஏண்டி, கொலைக்கதையா? படித்துவிட்டு ராத்திரி யார் தூங்குவது?” என்பார். முதல் நாலு கதை மட்டும் படி, பிடிக்காவிட்டால் திருப்பிக் கொடு என்று கையில் திணித்தேன். இரண்டு நாள் கழித்து ராத்திரி பன்னிரண்டரைக்கு போன். பதறி எடுத்தால் அந்தப் பக்கம் சிரிப்பு. பேச முடியவில்லை அவருக்கு. கீழ்வீட்டு ஆன்ட்டி படியேறி வந்து, உடம்புக்கு என்ன என்று கேட்டுவிட்டுப் போனாராம்.

குறையே இல்லையா? இருக்கிறது. கதைக்குள் வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே அக்கிரகாரத்திலிருந்து கிளம்பி வந்தவர்கள் மாதிரி பேசுவார்கள். பெண்களைப் பற்றிய சில வேடிக்கைகள் இன்றைக்குச் செல்லாது. ஐம்பதையும் ஒரே மூச்சில் படித்தால் திகட்டும்; அதிரசம் மாதிரி, நாளுக்கு இரண்டு போதும்.

சாம்புவை முடித்தவர்களுக்கும், வீட்டில் தமிழ் படிக்க மறுக்கிற பிள்ளைகளுக்கும் என்னிடம் ஒரு சர்தார்ஜி இருக்கிறார். இன்ஸ்பெக்டர் சிங். எழுதியவர் ஷாமினி ஃபிளின்ட்; மலேசியாவில் பிறந்தவர், வழக்கறிஞராக இருந்தவர், இப்போது சிங்கப்பூர்வாசி. சிங், சிங்கப்பூர் போலீஸ். தொப்பை, தலைப்பாகை, வெள்ளைக் கேன்வாஸ் சப்பாத்து, விடாத சிகரெட்டு, அதைவிட விடாத பசி. மேலதிகாரிகளுக்கு அவரைக் கண்டால் ஆகாது. எங்கே சங்கடமான வழக்கோ அங்கே தள்ளிவிடுவார்கள். 2009இல் வந்த முதல் நாவலில் அவரைத் தள்ளிவிடுகிற இடம் நம் கோலாலம்பூர்! விவாகரத்தான கணவனைக் கொன்றதாகச் சிறையில் இருக்கும் ஒரு சிங்கப்பூர்ப் பெண்ணுக்காக வருகிறார். கணவன் வெட்டுமரக் கோடீஸ்வரன். பிள்ளைகள் யாரிடம் இருப்பது என்கிற வழக்கில் மதமாற்றமும் நுழைகிறது. நாம் பேப்பரில் படித்துப் பெருமூச்சு விட்ட விஷயங்கள்தான், காடழிப்பும் உண்டு. ஆனால் சிங் நடுவில் கறிக்குழம்பு தேடிப் போய்விடுவார், நமக்கும் மூச்சு திரும்பிவிடும். நான் தினமும் வியர்த்து நடக்கிற ஊரில், அதே வெயிலில், ஒரு துப்பறிவாளர் வியர்த்து நடப்பதைப் படிக்கிற சுகத்தை லண்டன் மூடுபனி எனக்குக் கொடுத்ததே இல்லை. மொத்தம் ஏழு நாவல்கள். எனக்குப் பிடித்தது இந்தியாவுக்குக் கல்யாணத்துக்குப் போகிற புத்தகம். போன இடத்தில் மணப்பெண்ணைக் காணோம். கூடவே திருமதி சிங்.

சிங்கப்பூர்க்காரர் ஒவிடியா யூவின் ஆன்ட்டி லீயும் நல்ல ஆசாமி. பெரனாக்கான் சமையல்கடை நடத்துகிற விதவை; அச்சார் பாட்டிலும் ஊர்வம்புமாகக் கொலைகாரனைப் பிடிக்கிறார். பசியோடு படிக்காதீர்கள். போட்ஸ்வானாவில் துப்பறியும் நிலையம் நடத்துகிற ரமோட்ஸ்வே அம்மாளின் கதைகளில் கொலைகூட அபூர்வம். மரத்தடி, செந்தேநீர், காணாமல் போன கணவன்மார்.

தமிழிலேயே இன்னும் வேண்டும் என்றால் பட்டுக்கோட்டை பிரபாகரின் பரத் – சுசீலா. வழக்கு சுமாராக இருந்தாலும் சுசீலாவின் டீ-ஷர்ட் வாசகங்களுக்காகவே படிப்பேன். சுஜாதாவின் கணேஷ் – வசந்த் வாய்ச்சண்டைக்கு ஈடில்லை. ஆனால் அதில் சிலது கோஸி வகையில் சேராது. ‘கொலையுதிர் காலம்’ படித்த ராத்திரி நான் விளக்கை அணைக்கவில்லை. தேவனிடமே திரும்புகிறவர்களுக்கு ‘ஜஸ்டிஸ் ஜகந்நாதன்’ இருக்கிறது. முழு நாவலும் ஒரு கொலை வழக்கின் கோர்ட்டு விசாரணை. சாம்புவை எழுதிய கையா இது என்று சந்தேகம் வரும்.

சாம்புவிலிருந்தே தொடங்குங்கள். முதல் நாலு கதை. நாலிலும் சிரிப்பு வரவில்லை என்றால் புத்தகத்தை மூடிவிடுங்கள், எனக்கு வருத்தமில்லை. என் பிரதியைக் கடன் கேட்காதீர்கள். அது அக்காவிடம் போய் ஏழு மாதமாகிறது, இப்போது கீழ்வீட்டு ஆன்ட்டிக்குத் தினமும் ஒரு கதை வாசித்துக் காட்டிக்கொண்டிருக்கிறார். சொந்தமாக ஒன்று வாங்கிவிடுங்கள். ரயிலில் மட்டும் பிரிக்காதீர்கள்.