முப்பத்திரண்டு பக்கங்களுக்குள் ஒரு கதை

சிறுவர் படப்புத்தகங்கள் பெரும்பாலும் 32 பக்கங்களில் அமைகின்றன. பெரிய தாளை அச்சடித்து மடித்தால் 16 பக்கம் கொண்ட ஒரு ஃபாரம். இரண்டு ஃபாரம் சேர்ந்தால் ஒரு புத்தகம். தலைப்பு, பதிப்பு விவரம் போகக் கதைக்கு மிஞ்சுவது ஏறக்குறைய 12 முதல் 14 இரட்டைப் பக்கங்கள்தான். அச்சகக் கணக்கில் பிறந்த இந்த வரம்பே படைப்பின் முதல் விதியாகிவிட்டது. குழந்தை எந்த இடத்தில் பக்கத்தைப் புரட்ட வேண்டும், புரட்டியதும் எதைக் காண வேண்டும் என்பதில்தான் கதையின் வேகம் அடங்கியிருக்கிறது.

எனவே வண்ணத்தைத் தொடுமுன் டம்மி தயாராகிறது. வெற்றுத் தாள்களை மடித்துத் தைத்து, பென்சில் கோட்டோவியமும் வாசகமும் வரும் இடங்களைக் குறித்து, உரக்க வாசித்தபடி புரட்டிப் பார்ப்பார்கள். எழுத்து அதிகம் வெட்டுப்படுவது இங்கேதான். சிறுமியின் கையில் சிவப்புக் குடை படத்தில் தெரியும்போது வாசகம் அதைச் சொல்ல வேண்டியதில்லை. தன் சொற்களை இப்படி விட்டுக்கொடுக்கத் தெரியாத எழுத்தாளருக்கு இந்த வடிவம் கைவராது.

அமெரிக்காவின் மாரிஸ் செண்டாக் 1963இல் வெளியிட்ட ‘வேர் தி வைல்ட் திங்ஸ் ஆர்’ இதற்குச் சிறந்த பாடம். முதலில் அது காட்டுக் குதிரைகளைப் பற்றிய கதையாகத்தான் இருந்தது. குதிரை வரைவது செண்டாக்குக்குக் கைகூடவில்லை. குதிரைகள் போய்ப் பூதங்கள் வந்தன. வாசகம் மொத்தம் 340 சொற்களுக்குள் அடங்கிவிடும். தொடக்கத்தில் அகன்ற வெள்ளை விளிம்புக்குள் ஒடுங்கியிருக்கும் படம், சிறுவன் மேக்ஸின் கற்பனை விரிய விரியப் பெரிதாகிப் பக்கத்தை நிறைக்கிறது. பூதங்களின் கொண்டாட்டத்தில் மூன்று இரட்டைப் பக்கங்களுக்குச் சொல்லே இல்லை. வீடு திரும்பியபின் வரும் கடைசிப் பக்கத்தில் படமே இல்லை. ஒரே ஒரு வரி மட்டும். மேக்ஸின் கோபம் ஏறித் தணிவதைப் படத்தின் அளவே சொல்லிவிடுகிறது.

சில புத்தகங்களுக்குக் கதையின் விதை பொருளிலிருந்தே கிடைக்கிறது. துளையிடும் கருவியால் காகிதக் கட்டைத் துளைத்துக்கொண்டிருந்த படப்புத்தக ஓவியர் எரிக் கார்லுக்குப் புத்தகத்தைத் தின்னும் புழு நினைவுக்கு வந்தது. அதைக் கம்பளிப்புழுவாக்கலாம் என்று யோசனை சொன்னவர் பதிப்பாசிரியர் ஆன் பெனெடூஸ். புழு என்றால் கடைசிவரை புழு, கம்பளிப்புழுவோ வண்ணத்துப்பூச்சியாகும். ஒரே சொல்லில் கதைக்கு முடிவு கிடைத்துவிட்டது. துளைகளும் வெவ்வேறு அகலப் பக்கங்களும் கொண்ட அந்தப் புத்தகத்தைக் கட்டுப்படியான செலவில் அச்சிட ஜப்பான் வரை போக வேண்டியிருந்தது. 1969இல் அது வெளிவந்தது.

சென்னையில் கீதா வுல்ஃப் 1994இல் தொடங்கிய தாரா புக்ஸ், ஓவிய மரபிலிருந்தே புத்தகத்தை உருவாக்கும் வழியைத் தேர்ந்தெடுத்தது. மத்தியப் பிரதேசத்தின் கோண்டு ஓவியர்கள் பஜ்ஜு ஷியாம், துர்கா பாய், ராம் சிங் உர்வேதி மூவரும் வரைந்த ‘தி நைட் லைஃப் ஆஃப் ட்ரீஸ்’ 2006இல் வெளியானது. மரங்களின் இரவு வாழ்க்கையைச் சொல்ல வேண்டும் என்பதால் தாளே கறுப்பு. கையால் செய்த அந்தத் தாளில், ஸ்கிரீன் பிரிண்டிங் முறையில் ஒவ்வொரு நிறத்தையும் தனித்தனியாக இழுத்து, காயவைத்து, அடுத்த நிறத்தை இம்மி பிசகாமல் அதன்மேல் பொருத்துகிறார்கள். சாதாரண ஆஃப்செட் அச்சில் அந்தக் கறுப்பும் கோடுகளின் தடிப்பும் கிடைக்காது. அச்சுத் தொழிலாளரின் கையும் இங்கே படைப்பில் பங்கு கொள்கிறது. 2008இல் அந்தப் புத்தகம் இத்தாலியின் போலோனியா சிறுவர் புத்தகக் கண்காட்சியில் நியூ ஹொரைசன்ஸ் விருது பெற்றது.

ஆங்கிலப் பதிப்புலகில் எழுத்தாளரும் ஓவியரும் சந்திக்காமலே பல புத்தகங்கள் உருவாகின்றன; இருவருக்கும் நடுவே நிற்பவர் பதிப்பாசிரியர். எப்படி உருவானாலும் கதையில் பாதியை ஓவியரே சொல்கிறார். அமெரிக்காவில் 1938 முதல் படப்புத்தகத்துக்கான கால்டெகாட் பதக்கம் ஓவியருக்கே வழங்கப்படுகிறது. தமிழ்ப் பதிப்பாளர்களும் படப்புத்தகத்தின் அட்டையில் ஓவியர் பெயரை எழுத்தாளர் பெயருக்கு நிகரான எழுத்தளவில் அச்சிட வேண்டும்.