கிரெகோர் என்ன பூச்சி?

காஃப்காவின் ‘உருமாற்றம்’ என்றதும் “கரப்பான்பூச்சியா மாறிப்போன ஆளோட கதைதானே” என்பார்கள். மூலத்தில் கரப்பான் கிடையாது. பிராகில் வாழ்ந்துகொண்டு ஜெர்மனில் எழுதிய காஃப்கா, 1915இல் வெளிவந்த இந்தக் கதையின் முதல் வாக்கியத்தில் போட்ட சொல் ‘உன்கெட்ஸீஃபர்’. பேன், மூட்டைப்பூச்சி, எலி என்று வீட்டில் இருக்கவே கூடாத எல்லாவற்றுக்கும் பொதுவான பெயர் அது. எந்த இனம் என்று சொல்லாது. அதற்கு முன்னால் வரும் பெயரடை ‘உன்கெஹாயர்’. இந்த ‘உன்’ நம்ம ‘உன்’ இல்லை. ‘அசுத்தம்’ என்பதில் வரும் ‘அ’ மாதிரி, மறுக்கிற முன்னொட்டு. அட்டையில் பூச்சியை வரையவே கூடாது, தூரத்தில் தெரிகிற மாதிரிகூட வேண்டாம் என்று பதிப்பகத்துக்குக் கடிதமும் எழுதினார்.

ஆங்கிலத்துக்குப் போனதும் சிக்கல். மியூர் தம்பதி ‘இன்செக்ட்’ என்றார்கள், அருவருப்பு போய்விட்டது. வேறு சிலர் ‘வெர்மின்’ என்றார்கள். எலியும் உள்ளே வந்துவிட்டது. வண்ணத்துப்பூச்சி ஆராய்ச்சியாளருமான நபக்கோவ், இது வண்டுதான் என்று படமே வரைந்து பாடம் நடத்தினார். (அந்தப் பாடம் எனக்குப் பிடிக்கும். ஆனால் காஃப்கா மூடி வைத்ததைத் திறந்துவிடுகிறார்.)

நாம் பெரும்பாலும் ஆங்கிலம் வழியாகத்தான் காஃப்காவிடம் போகிறோம். அதனால் ‘பூச்சி’ வந்து ஒட்டிக்கொள்கிறது. தமிழில் ‘ஜந்து’ இருக்கிறதே! இனம் தெரியாது, அருவருப்பு உண்டு, கோபத்தில் மனுஷனையும் அப்படித் திட்டலாம். ஆங்கிலத்தைவிட நாம் ஜெர்மனுக்குக் கிட்ட நிற்கிற இடம் இது.

இன்னொரு இடம் திணை. கிரெகோர் சாகும்வரை கதைசொல்லி அவனை ‘அவன்’ என்றே சொல்கிறார். தங்கை கிரெட்டேதான் கடைசியில், இதன் முன்னால் அண்ணன் பெயரைச் சொல்ல மாட்டேன் என்று ‘அது’வுக்கு இறங்குகிறாள். அங்கே அவள் சொல்வது ‘உன்டியர்’. மறுபடி அதே ‘உன்’. ஜெர்மனில் ‘அவன்’, ‘அது’ என்ற சொல் மட்டும்தான் மாறும், வினை மாறாது. தமிழில் ‘இருக்கிறான்’ போய் ‘இருக்கிறது’ வரும். அவள் பேசும் ஒவ்வொரு வினைமுற்றிலும் அண்ணன் அஃறிணையாகிக்கொண்டே போவான். கதைசொல்லியின் ‘இருந்தான்’ மட்டும் பக்கத்திலேயே விடாமல் நிற்கும். எனக்கு இந்தக் கதையில் ரொம்ப வலிக்கிற இடம் இதுதான், உருமாறிய காலை இல்லை.

ஜெர்மனிலிருந்து நேராக, இந்தத் திணையைக் காது கொடுத்துக் கேட்டுச் செய்த ஒரு மொழிபெயர்ப்பை வாசிக்க ஆசை. அதுவரைக்கும் அட்டையில் கரப்பான் படம் போடாமல் இருந்தாலே போதும்.