மரணத்தின் எல்லையில் உடன்படிக்கை: பால் ராம்சியின் நூல் பற்றிய ஒரு மதிப்பீடு

கிறிஸ்தவ மருத்துவ ஒழுக்கவியலைக் கற்கப் புகுவோர் புறக்கணிக்க இயலாத நூல்களுள் ஒன்று, பால் ராம்சி எழுதிய 'த பேஷண்ட் ஆஸ் பெர்சன்' என்பதாகும். 'நோயாளி ஓர் ஆள்' என்று அதன் தலைப்பைத் தமிழில் கூறலாம். மெதடிஸ்டு திருச்சபையைச் சேர்ந்தவரும், பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்தில் சமயத்துறைப் பேராசிரியராய் விளங்கியவருமான ராம்சி (1913–1988), 1969இல் யேல் பல்கலைக்கழகத்தில் ஆற்றிய லைமன் பீச்சர் சொற்பொழிவுகள் 1970இல் நூலுருப் பெற்றன. அருளுரைப் பணியை வளர்க்கும் நோக்குடன் தோன்றிய அச்சொற்பொழிவு வரிசையில், அவர் நோயாளியின் படுக்கையையே பொருளாக எடுத்துக்கொண்டார். அதற்குமுன் ஜார்ஜ்டவுன் மருத்துவக் கல்லூரியில் மருத்துவர்களோடு தங்கி, அவர்களுடைய இக்கட்டுகளை நேரில் கேட்டறிந்திருந்தார் என்பது நூலின் ஒவ்வொரு இயலிலும் புலனாகின்றது.

அரை நூற்றாண்டுக்கு முந்திய நூலை இன்று மதிப்பிடுவதற்குக் காரணம் உண்டு. தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் காத்திருக்கும் குடும்பத்தார் ஆயரிடம் வேண்டுவது இறையியல் விரிவுரையன்று. "ஐயா, உயிர் இருக்கிறதா, இல்லையா? கருவியை எடுக்கச் சம்மதித்தால் அந்தப் பாவம் எங்கள்மேல் வருமா?" என்றே கேட்கின்றனர். ஒரே மூச்சில் கேட்கப்படினும் இவை இரண்டு வினாக்கள். மனிதன் எப்போது இறந்தவனாகிறான் என்பது ஒன்று. இறந்துகொண்டிருப்பவனுக்குச் செய்யும் சிகிச்சையை எப்போது நிறுத்தலாம் என்பது மற்றொன்று. இவ்விரண்டையும் பிரித்துக் காட்டியதே ராம்சியின் தலையாய தொண்டு என்போம்.

அவர் எழுதிய சூழலை நினைவுகூர்வது நலம். 1967 டிசம்பர் 3ஆம் நாள் கேப் டவுனில் கிறிஸ்டியான் பர்னார்டு முதல் இதய மாற்று அறுவையைச் செய்தார். எட்டுத் திங்கள் கழித்து, 1968 ஆகஸ்டு 5இல், ஹென்றி பீச்சர் தலைமையிலான ஹார்வர்டு குழுவின் அறிக்கை வெளிவந்தது. மீளா மயக்கத்தை மரணத்தின் புதிய அளவுகோலாகக் கொள்ளுமாறு அது பரிந்துரைத்தது. எத்தூண்டுதலுக்கும் உணர்வோ மறுமொழியோ இன்மை, தானாக எழும் அசைவும் மூச்சும் இன்மை, அனிச்சைச் செயல்கள் இன்மை ஆகிய மூன்றையும் அது அடையாளங்களாகக் கூறிற்று. மூளை மின்னலை வரைபடம் தட்டையாயிருத்தலை உறுதிப்படுத்தும் சான்றாகக் கொண்டது. உடற்குளிர்ச்சியும் மயக்க மருந்துகளும் இந்நிலைக்குக் காரணமல்ல என்று தெளிந்து, 24 மணி நேரத்திற்குப் பின் மீண்டும் சோதிக்கவேண்டும் என்றும் விதித்தது. இம்மாற்றத்துக்கு அறிக்கை தந்த காரணங்கள் இரண்டு: நோயாளிக்கும் குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் ஏற்படும் பாரம், மாற்று அறுவைக்கு உறுப்புகள் பெறுவதில் பழைய அளவுகோலால் எழும் பிணக்கு.

இக்காரணங்களையே ராம்சி உரசிப் பார்க்கிறார். பாரம் என்பது முதற்காரணமாயின், அதற்காக ஒருவரை இறந்தவர் என்று அறிவிக்கத் தேவையில்லை. இறந்துகொண்டிருப்பவரிடம் பயனற்ற சிகிச்சையை நிறுத்துவதற்கு வேறு நியாயம் உண்டு. உறுப்புத் தேவை என்பது இரண்டாம் காரணமாயின், ஒருவருடைய மரணத்தை வேறொருவருடைய தேவையைக்கொண்டு வரையறுப்பது தகாது. மரணத்தை அறியும் முறை திருத்தப்படலாம். ஆனால் அத்திருத்தம் படுக்கையில் கிடப்பவரை முன்னிட்டே நிகழவேண்டும். மரணத்தை அறிவிப்போர் பின்னர் நிகழும் மாற்று அறுவையில் பங்கு பெறலாகாது என்று ஹார்வர்டு அறிக்கையே கூறியதன் உட்பொருளும் இதுவே.

யூத மெய்யியலாளர் ஹான்ஸ் யோனாஸ், 1969இல் எழுதிய கட்டுரையில், இன்னும் கடுமையான நிலையை மேற்கொண்டார். வாழ்வுக்கும் சாவுக்கும் இடையிலான எல்லைக்கோட்டை நாம் துல்லியமாக அறியோம். ஆகவே கருவியை நிறுத்தி இயற்கையான முடிவுக்கு இடங்கொடுத்தல் தகும், கருவி இயங்கும்போதே உடலைப் பிணமாக நடத்துதல் தகாது என்பது அவர் வாதம். இவ்வெச்சரிக்கையின் கனத்தை உணர்ந்தபோதிலும், நாம் ராம்சியின் பக்கமே சாய்கின்றோம். மூளைத்தண்டு உட்பட மூளை முழுவதும் அழிந்தபின், மார்பின் ஏற்றத்தாழ்வு கருவியின் செயலேயன்றி அம்மனிதரின் மூச்சன்று. இங்கே புதியதொரு மரணம் கற்பிக்கப்படவில்லை. கருவியால் மறைக்கப்பட்ட பழைய மரணமே வேறு வழியாகக் கண்டறியப்படுகின்றது.

ஆயினும் ஒன்றை அழுத்திக் கூறவேண்டும். மூளைச்சாவு என்பது நினைவையோ பேச்சையோ இழந்த நிலையன்று. நினைவற்றுப் பல்லாண்டுகள் கிடந்தாலும் தானாக மூச்சுவிடும் நோயாளி உயிரோடிருப்பவரே. சிந்தனை போயிற்று, ஆகவே ஆள் போய்விட்டார் என்று சொல்வது, உடலை ஆன்மாவின் சிறைக்கூடமாகக் கண்ட கிரேக்க நினைப்பாகுமேயன்றித் திருமறையின் படிப்பினையாகாது. உடலும் உயிருமாகிய முழுமனிதனே தேவனுக்குமுன் ஆள்தத்துவம் உடையவன் என்பதில் ராம்சி தளரவில்லை. நூலின் மிக வலிமையான பகுதி இதுவாகும்.

அவருடைய அச்சம் வீண் அச்சமன்று என்பதற்கு நம் நாட்டுச் சட்டமே சான்று. இந்தியாவில் மூளைத்தண்டுச் சாவைப் பற்றிய விதி, 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டத்தில் இடம்பெற்றுள்ளது. நால்வர் கொண்ட மருத்துவக் குழு, ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை சோதித்துச் சான்றளிக்கவேண்டும். 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டமோ மூளைத்தண்டுச் சாவைப் பெயரிட்டுக் கூறவில்லை. இதன் விளைவாக, குடும்பத்தார் உறுப்புக் கொடைக்கு இசையாதபோது கருவியை அகற்றலாமா என்று மருத்துவர்கள் தயங்க நேரிடுகின்றது. கொடுத்தால் இறந்தவர், கொடாவிடில் இறவாதவர் என்னும் தோற்றம் எழுமாயின், எளிய மக்கள் ஐயுறாதிருப்பது எங்ஙனம்? கொடைக்கு இசைந்தாலும் இசையாவிடினும் மரணம் ஒன்றே என்று 2020இல் கேரள அரசு வழிகாட்டு நெறிகள் வகுத்தது வரவேற்கத்தக்கது. உறுப்புக் கொடையை அன்பின் செயலாகப் போற்றும் திருச்சபையே இத்தெளிவை முதலில் கேட்கவேண்டும். ஐயத்தில் பிறக்கும் கொடை, கொடையாகாது.

இரண்டாம் வினாவுக்கு ராம்சி தரும் விடை, 'பேணுதல் மட்டும்' என்னும் இயலில் உள்ளது. சாவை எவ்வகையிலும் தள்ளிப்போடுதல், சாவை வருவித்தல் என்னும் இரண்டுக்கும் அப்பால் மூன்றாம் வழியொன்று உண்டு. குணமாக்கும் முயற்சி பொருளற்றுப் போகும்போது, உடன்படிக்கைப் பற்றுறுதி வேறு வடிவம் கொள்ளுகின்றது: நாவை நனைத்தல், வலியைத் தணித்தல், அருகில் அமர்ந்திருத்தல். சிகிச்சை ஓயலாம், பேணுதல் ஓயாது. 2018 மார்ச் 9இல் நம் உச்ச நீதிமன்றம், கண்ணியமாய் இறக்கும் உரிமையையும் முன்கூட்டி எழுதிவைக்கும் மருத்துவ விருப்ப ஆவணத்தையும் ஏற்று, அதற்குரிய நடைமுறையை 2023இல் எளிதாக்கியது. அத்தீர்ப்பைப் படிக்கும் ஆயர்கள் இவ்வியலையும் உடன்வைத்துப் படித்தல் பயன் தரும். உரிமை என்னும் சொல் காட்டாத பக்கத்தை உடன்படிக்கை என்னும் சொல் காட்டுகின்றது.

ஆனால் இதே இயலில் ராம்சி தம் வாதத்தைத் தாமே தளர்த்திவிடுகின்றார். மனிதப் பேணுதல் சிறிதும் எட்டாத நிலைக்கு ஒரு நோயாளி சென்றுவிட்டால், இறக்கவிடுதலுக்கும் இறக்கச்செய்தலுக்கும் இடையிலான வேறுபாடு பொருளற்றுப்போகக்கூடும் என்கிறார். இதை நாம் ஏற்பதற்கில்லை. பேணுதலின் அளவு, பெறுபவர் அதை உணருவதில்தான் உள்ளதா? சவுலின் மறுமனையாட்டியாகிய ரிஸ்பாள், கொல்லப்பட்ட பிள்ளைகளின் உடல்களருகே கன்மலையில் இரட்டு விரித்து, பகலில் பறவைகளையும் இரவில் விலங்குகளையும் விரட்டினாள் (2 சாமுவேல் 21). அவளுடைய காவலை அவர்கள் உணரவில்லை. எனினும் அது வீணாயிற்று என்று திருமறை கூறவில்லை. உணராத உடலுக்கே அத்தகைய காவல் தகுமாயின், உயிரோடு கிடந்து உணராதிருப்பவர் எவ்வாறு பேணுதலின் எல்லைக்கு வெளியே போவார்? உடன்படிக்கை பெறுபவரின் மறுமொழியில் நிற்பதாயின், அது கிருபையின் உடன்படிக்கையன்று.

மற்றொரு குறையும் உண்டு. அரிய கருவிகளை யாருக்கு ஒதுக்குவது என்பதை இறுதி இயலில் ஆராயும் ராம்சி, சீட்டுப் போட்டுத் தேர்வது நேர்மையென்று கருதுகின்றார். நம் மக்களில் பலர் சந்திக்கும் இக்கட்டோ வேறு. இங்கே பல வேளைகளில் சிகிச்சையை முடித்துவைப்பது மருத்துவரின் தீர்ப்புமன்று, நோயாளியின் விருப்பமுமன்று, தீர்ந்துபோன பணமே. நகையை அடகுவைத்து, நிலத்தை விற்று, பின்னர் கையொப்பமிட்டு நோயாளியை வீட்டுக்குக் கொண்டுசெல்லும் மகன், தந்தையைத் தானே கொன்றதாக ஆயுள் முழுதும் வருந்துகின்றான். வறுமை எடுத்த முடிவின் குற்றத்தை அவன் சுமக்கிறான். மருத்துவரும் நோயாளியும் மட்டுமே நிற்கும் ராம்சியின் மேடையில் அவனுக்கு இடமில்லை.

அவனுக்கு இடமளிப்பது திருச்சபையின் கடன். குணமாகும் வழி உள்ள இடத்தில் சபை தன் பொருளால் தாங்கவேண்டும். வழியில்லாத இடத்தில், கருவியை அகற்றுவது கைவிடுதலாகாது என்பதை ஆயர் அஞ்சாமல் எடுத்துரைக்கவேண்டும். மூளைத்தண்டுச் சாவு முறைப்படி உறுதிசெய்யப்பட்ட பின்னரோ, மரணம் நேர்ந்துவிட்டது என்று அன்போடு சொல்லி, ஜெபித்து, துக்கப்படுவோரோடு அமரவேண்டும். இவற்றைச் செய்வதற்கு ராம்சியின் நூல் முற்றுப்பெற்ற வழிகாட்டியன்று. ஆயினும் எவ்வினாவை எவ்வினாவோடு குழப்பலாகாது என்று கற்பிக்கும் நல்லாசிரியன். இறையியல் மாணவர் அதைப் பயிலுக. பயின்றபின் மருத்துவமனைக் கூடங்களுக்குச் செல்லுக.